நோட்டில் எழுதிய நல்ல அளவுகள்

கே.கே. நகரில் ஒரு சர்க்கரை நோய் கிளினிக்கில் பதினோரு வருடம் ரத்தம் எடுக்கும் வேலை பார்த்தேன். என் அண்ணனும் அங்கேதான் வைத்தியத்துக்கு வந்தார். பரவை காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். மாதம் ஒரு முறை வெறும் வயிற்றோடு பஸ் ஏறி வருவார். ஊசி குத்தி ரத்தம் எடுப்பதும் நான்தான், அளவை அவர் நோட்டில் எழுதுவதும் நான்தான்.

அளவு எப்போதும் சரியாக இருந்தது. டாக்டர் மற்ற நோயாளிகளிடம், "இவரைப் பாருங்க, எம்புட்டுக் கட்டுப்பாடா இருக்காரு" என்பார். அண்ணன் கூச்சத்தோடு சிரிப்பார். அவரை வேறு யாரும் எதற்கும் பாராட்டி நான் கேட்டதில்லை.

ஒருநாள் அண்ணி போனில் சொன்னார்: "டெஸ்ட்டுக்கு மூணு நாள் இருக்கையிலதான் மாத்திரையத் தேடுவாக. சோத்தத் தொடமாட்டாக. மத்த நாள்ல மாத்திரையும் கிடையாது, ஒண்ணும் கிடையாது."

அடுத்த முறை அவர் கையில் நரம்பு தேடிக்கொண்டே கேட்டேன். "ஏண்ணே, டாக்டரயா ஏமாத்துற?"

"மாத்திரை போட்டா மூட்டை தூக்கையில கிறுகிறுன்னு வருது பாப்பா. கீழ விழுந்தா மறுநாள் எவன் வேலைக்குக் கூப்பிடுவான்? அவருட்ட சொல்லிராத. அந்த மனுசன் என்னைய நம்புறாரு."

மாத்திரையை மாற்றியிருந்தாலே போதும். மூன்று மாதச் சராசரி அளவைக் காட்டும் பரிசோதனையும் இருந்தது. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றே எடுத்திருப்பார்கள். சொல்லவில்லை. அண்ணன் தலைகுனிந்து நிற்பதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

ஏழெட்டு மாதம் கழித்து, வீட்டில் ஏதோ நாற்றம் அடிக்கிறதே என்று தேடிய அண்ணி, அவர் உள்ளங்காலில் ஆணி குத்திய புண்ணைப் பார்த்தார். உள்ளே சீழ் வைத்திருந்தது. சர்க்கரையில் கால் மரத்துப்போயிருந்ததால் அவருக்கு வலிக்கவே இல்லை. பெரிய ஆஸ்பத்திரியில் முதலில் இரண்டு கால்விரல்களை எடுத்தார்கள். பதினைந்து நாளில் முழங்காலுக்குக் கீழே காலையே எடுத்துவிட்டார்கள்.

வார்டுக்கு வந்த ஆஸ்பத்திரி டாக்டர் நோட்டைப் புரட்டிவிட்டு, "அளவெல்லாம் நல்லாத்தானே இருந்திருக்கு?" என்று என்னைக் கேட்டார். பக்கத்துக்குப் பக்கம் என் கையெழுத்து.

"என் தலையெழுத்து சார்" என்று அண்ணன் முந்திக்கொண்டார். என் பக்கம் திரும்பவில்லை.

இப்போது மாத்திரை தவறுவதில்லை. அளவும் நிஜமாகவே நன்றாக இருக்கிறது. ஆனால் போன வாரம் மிஞ்சியிருக்கும் காலில் சுண்டுவிரல் கறுத்திருந்தது. உடனே கூட்டிக்கொண்டு ஓடினேன். ரத்த ஓட்டம் மிகவும் குறைந்துவிட்டது, இந்தக் காலையாவது காப்பாற்ற முடியுமா பார்க்கலாம் என்றார்கள்.

திரும்ப ஆட்டோவில் வரும்போது அண்ணன் வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.