புதுக் கயிற்றின் வயது

எலவனாசூர்கோட்டையில் கூலி வேலைக்குப் போகும் குடும்பத்தில் பிறந்தவள் கோகிலவாணி. டிப்ளமோ முடித்துக் கள்ளக்குறிச்சிப் பக்கம் ஒரு பிளாஸ்டிக் கயிறு ஆலையின் சோதனை அறையில் சேர்ந்தாள். வெயிலும் காற்றும் வருடக்கணக்கில் செய்வதைச் சூடும் வெயில் போன்ற விளக்கொளியும் உள்ள ஒரு பெட்டியில் சில வாரங்களிலேயே செய்யவைத்து, பிறகு நூலை இழுத்துப் பார்ப்பாள். “நூலுக்கு வயசாக்குறேன்” என்றால் வீட்டில் சிரிப்பார்கள்.

ஒருநாள் பெட்டியைத் திறந்து தொட்டபோது நூல் விரலோடு பொடியாக வந்தது. புதிதாக இருந்தபோது இழுவை எந்திரத்தில் குறையில்லாமல் தேறிய அதே நூல். மேலாளர் இளஞ்செழியன் கலவை எந்திரத்தைப் போய்ப் பார்த்தார். குழாய் அடைத்துக்கொண்டதால், வெயில் தாங்கும் மருந்து கலவையில் விழவே இல்லை. அதற்குள் அந்த நூலில் முறுக்கிய கயிறு கடைகளுக்குப் போயிருந்தது.

“எல்லாத்தயும் திருப்பி எடுத்துறலாம். நீயும் வண்டில போம்மா” என்றார்.

பெரும்பாலும் கடைகளிலேயே கிடைத்தது. ஒரு சுருள் மட்டும் வடக்கனந்தலில் கிணறு தூர்வாரும் கொளஞ்சியம்மாளிடம் போயிருந்தது. கோகிலவாணி போய்ச் சேர்ந்தபோது, கிணற்றுக்குள் நிற்பவன் தலைக்கு மேலேதான் மண்கூடை அந்தக் கயிற்றில் ஏறிக்கொண்டிருந்தது.

“நாலு பேரு சேந்து இழுத்துப் பாத்தோம். இதுல இன்னா கொற?” என்றாள் கொளஞ்சியம்மாள்.

“இன்னைக்கி கொற இல்லக்கா. வெயில்ல கெடக்கக் கெடக்க உளுத்துப் பூடும். பாத்தா தெரியாது.” கோகிலவாணி பெட்டியிலிருந்து எடுத்து வந்த நூலை நீட்டினாள்.

கொளஞ்சியம்மாள் கசக்கினாள். உள்ளங்கையில் வெள்ளைத் தூள்.

“எப்போ அறும்?”

ஏதாவது ஒரு மாதத்தைச் சொன்னால் போதும், பேச்சு முடிந்துவிடும். ஆனால் அது வெறும் ஊகமாகத்தான் இருக்கும்.

“தெரியாதுக்கா. பெட்டிச் சூடு வேற, உங்க வெயிலு வேற. அடுத்த கோடையா இருக்கலாம், அதுக்கு முன்னயும் இருக்கலாம்.”

கொளஞ்சியம்மாள் கிணற்றை எட்டிப் பார்த்தாள். உள்ளே அவள் மருமகன் தமிழழகன் கூடையில் சேற்றை வாரிக்கொண்டிருந்தான்.

“உட்டுட்டு படி புடிச்சி மேல வாப்பா!” என்று குரல் கொடுத்தாள். கயிற்றை அவிழ்த்தபடி, “தேதி சொல்லியிருந்தீனா, அதுவரைக்கும் ஓட்டிக்கினு இருந்திருப்பேன்” என்றாள்.

வண்டியில் இருந்த மாற்றுச் சுருளை இருவருமாக இறக்கினார்கள்.

‘எப்போ அறும்?’ என்ற கேள்வி கோகிலவாணியை விடவில்லை. மறுநாளே இளஞ்செழியனிடம் கேட்டு, பெட்டிக்குள் வைக்கும் ஒவ்வொரு நூலிலும் ஒரு துண்டை மொட்டைமாடி வெயிலிலும் கட்டத் தொடங்கினாள். பெட்டி சொல்வதும் வெயில் சொல்வதும் எவ்வளவு விலகுகின்றன என்று தெரிய வருடங்கள் ஆகும். காத்திருக்கிறாள்.