பந்தியில் குடித்த பாயசமும் பந்தலில் வாங்கிய அடியும்

எடை குறைய வயிற்றில் அறுவை சிகிச்சை செய்து பல வருடமான தெம்பு எனக்கு. இனயம் என்ற ஊரில் ஒரு கல்யாணப் பந்தியில் சோற்றை ஒதுக்கிவிட்டு, பப்படமும் பழமும் நொறுக்கிப் போட்டு எல்லாப் பாயசத்தையும் வழித்துக் குடித்தேன். ஒன்றரை மணி நேரத்தில் பந்தலிலேயே வேர்த்துக் கொட்டி, கண் இருண்டது. தாங்கிப் பிடித்த மச்சானின் கையை ரத்தம் வரக் கடித்தேனாம். நாற்காலியைத் தூக்கி வீசினேனாம்.

"வெள்ளமடிச்சிட்டு சலம்புதியாலே?" என்று, நான் சாராயம் குடித்திருப்பதாக நினைத்து அவர் விட்ட குத்தில் என் முன்பல் தெறித்தது. ஆளாளுக்கு மிதித்தார்கள்.

"அடிக்காதீய! அவிய குடிக்கல்ல, சர்க்கரை இறங்கிட்டு!" என்று மனைவி குறுக்கே விழுந்து, சர்க்கரைத் தண்ணீர் புகட்டினாள். தெளிந்தேன். இந்த அறுவை சிகிச்சை செய்தவர்கள் இனிப்பை மொத்தமாகக் குடித்தால் ரத்தத்தில் சர்க்கரை விறுவிறுவென ஏறி, பிறகு அடியோடு இறங்கிவிடும் என்று டாக்டர் அன்றே சொல்லியிருந்தார்.

இப்போது பந்தியில் மச்சானை ஒட்டியே உட்காருகிறேன். பாயச வாளி வந்ததும் என் இலையை மறைக்கும் அவர் கையில் என் பல் தடம் இருக்கிறது.