வாய்க்கு முன்னே ஒரு வரி

ஓபரா அரங்கில் நான் பார்த்த வேலையை என் கணவர் யாருக்கும் ஒழுங்காக விளங்கப்படுத்தியதில்லை. "இவ பட்டன் அமத்துறவ" என்பார். கேட்பவர்கள் லிஃப்ட் என்று நினைத்துக்கொள்வார்கள். மேடையில் பிரெஞ்சிலோ இத்தாலியனிலோ பாடும்போது, மேடைக்கு மேலே நீளமான ஒரு திரையில் அதன் ஆங்கிலம் ஓடும். யாராவது ஒருவர் இசைத்தாளைப் பார்த்தபடி ஒவ்வொரு வரிக்கும் பட்டனை அழுத்த வேண்டும். யாழ்ப்பாணத்தில் தேவாலயத்தில் ஓர்கன் வாசித்த எனக்கு இசைத்தாள் வாசிக்கத் தெரியும். சிட்னியில் அந்தப் படிப்பு இந்த ஒரு இடத்தில்தான் சோறு போட்டது, அதுவும் அரை வயிற்றுக்கு. மீதி அரை வயிற்றுக்காகப் பகலில் பிளாக்டவுன் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்தேன்.

அரங்கின் பின்சுவரில் கண்ணாடி போட்ட ஒரு சின்ன அறை எனக்குக் கொடுத்திருந்தார்கள். 2009இல் ஒரு பிரெஞ்சுச் சொப்ரானோ பாடகி அங்கே முதல்முறை வந்தது சண்டை பிடிக்கத்தான். ஒரு பிரெஞ்சு நகைச்சுவை ஓபராவில் வேலைக்காரியாகப் பாடிக்கொண்டிருந்தார். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். மேடையில் பார்த்தால் இருபது என்று சத்தியம் செய்யலாம். நாங்கள் பேசியது ஆங்கிலம். இருவருக்கும் இரவல் மொழி என்பதாலோ என்னவோ, என் நினைவில் அது எங்கள் ஊர்ப் பேச்சாகவே தங்கிவிட்டது. அப்படியே எழுதுகிறேன்.

"என்ர வாய்க்கு முன்னால நீங்கள் போகாதேங்கோ," என்றார். "நான் பகிடி சொல்ல முந்தியே சனம் எழுத்தை வாசிச்சுச் சிரிக்குது. பிறகு அங்க நான் என்னத்துக்கு?"

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னது சரி. மறுநாளிலிருந்து அவர் வாய் திறந்த பிறகே அழுத்தினேன். சிரிப்பு அவருக்கே போய்ச் சேர்ந்தது. அதன்பின் தனக்குப் பாட்டில்லாத நேரங்களில் என் அறைக்கு வந்து, என் பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணீர் ஊற்றிக் குடிப்பார். என் இரண்டு மகள்களின் பெயரும் அவருக்குப் பாடம். ஊருக்குத் திரும்பிய பிறகு அவர்களுக்குச் சொக்லேட் அனுப்பினார்.

அவர் பாடாத வேஷம் இல்லை. இளவயதில் குருவி, பொம்மை, அரண்மனைப் பையன். பிறகு கணவனை ஏய்க்கும் மனைவிகள், பிறகு விதவைகள், சூனியக்காரிகள். ரஷ்ய மொழியில் ஒரு தாய், செக் மொழியில் ஒரு கொலைகாரி. உயிரோடிருக்கும் இசையமைப்பாளர்கள் எழுதித் தந்த, பாதி விசிலும் பாதி அலறலுமான பாட்டுகளும் உண்டு. "ஆருக்காவது தடிமன், தொண்டைக்கட்டு எண்டால் எனக்குத்தான் ரெலிபோன் வரும். றெயினில போற நேரத்துக்குள்ள முழுப் பாட்டையும் பாடமாக்கிப்போடுவன்," என்பார். எதைக் கொடுத்தாலும் பாடுவாள் என்பது அவருக்குக் கிடைத்த பெரிய புகழ். அதையே காரணமாக்கி, அவருடைய சொந்த நாட்டின் பெரிய அரங்கு ஒருநாளும் அவருக்குத் தலைமை வேஷம் கொடுக்கவில்லை. இதைக் கேட்ட என் கணவர், பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான் என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் பாடகி கண்ட மரத்தையெல்லாம் வெட்டியவர்.

2011 குளிர்காலத்தில் இன்னொரு பிரெஞ்சு ஓபராவில் ராணியாகத் திரும்பி வந்தார். தன்னைக் கைவிட்ட கணவனை ராணி சபிக்கும் கட்டம் ஒன்று உண்டு. இரண்டாவது காட்சியன்று, வாத்தியங்கள் எல்லாம் மேலே எழும்பிய அந்த இடத்தில் அவர் வாய் திறந்தார். நான் பட்டனை அழுத்தினேன். திரையில், உன் வம்சத்துக்கே உறக்கம் இல்லாமல் போகட்டும் என்ற வரி வந்தது. அவர் பாடியது வேறு. துணியெல்லாம் காய்ந்துவிட்டது, மடித்து வைக்கட்டுமா அம்மா என்று பாடினார்.

இரண்டு வருடங்களுக்கு முன் அந்த வேலைக்காரி பாடிய வரி அது. அப்போது அதற்கும் நான்தான் பட்டன் அழுத்தினேன். ராணியின் மெட்டு ஒரு மயிரிழையும் பிசகவில்லை. சொல் மட்டும் மாறியிருந்தது. பிரெஞ்சு தெரியாத சனம் திரையை வாசித்துவிட்டு மூச்சடங்கி இருந்தது. வாத்தியக் குழுவை நடத்தும் கண்டக்டருக்குத் தாளம் சரியாக இருந்தால் போதும். கூடப் பாடிய ஒருவர் புருவத்தை உயர்த்தினார். விமானக் களைப்பு என்று பிறகு பேசிக்கொண்டார்கள்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. எங்கள் முதியோர் இல்லத்தில் மறதிநோய் வந்த ஒரு பெரியவர் இருந்தார். மகனைப் பார்த்து நீங்கள் ஆர் என்று மரியாதையாகக் கேட்பார். ஆனால் பியானோ சத்தம் கேட்டால் ஞாயிற்றுக்கிழமைப் பாட்டை முதல் அடி தொடங்கிக் கடைசி அடி வரை ஒரு சொல் விடாமல் பாடுவார். எல்லாம் போன பிறகுதான் பாட்டுப் போகும் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். இவருக்கோ பாட்டுக்குள்ளேயே ஓட்டை விழுந்திருந்தது.

அடுத்த காட்சிக்கு முன் அவர் என் அறைக்கு வந்தார். தேத்தண்ணீரை ஊற்றிக்கொண்டு, "உங்களுக்குப் பிள்ளையள் இருக்கினமோ?" என்று கேட்டார். இரண்டு பெண்கள் என்றேன். நல்லது என்று சிரித்தார். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு மறுபடியும் அதையே கேட்டார். நான் மறுபடியும் அதே பதிலைச் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். மறைக்க ஒன்றும் இல்லை என்று இருவருக்கும் விளங்கிவிட்டது.

"உள்ளுக்குள்ள கதவெல்லாம் திறந்து கிடக்கு," என்றார். "ராணியைக் கூப்பிட்டால் வேலைக்காரி வந்து நிக்கிறாள்."

"டொக்டரிட்டக் காட்டினீங்களோ?"

"கடைசி மேட்டினிக்குப் பிறகு."

கடைசிச் சனிக்கிழமைப் பகல் காட்சிக்கு அவருடைய நாட்டு அரங்கிலிருந்து ஒருவர் வரப்போகிறார் என்றார். வருபவருக்குப் பிடித்தால் அடுத்த வசந்தத்தில் அங்கே தலைமை வேஷம். ஆயுள் முழுக்கக் காத்திருந்தது அதற்காகத்தான். மேல்மாடிக் கைப்பிடியில் பாடகர்களைப் பார்த்தபடி இரண்டு டிவிகள் இருந்தன. கண்டக்டரின் கை அவற்றில் தெரியும். இடப்பக்க டிவியின் கீழ் ஓரத்தில் என் எழுத்துகளும் ஓடும். அவர் அதைக் கவனித்து வைத்திருந்தார். ஆங்கிலம் கண்ணில் பட்டால் பிரெஞ்சு நாக்கில் வந்துவிடும் என்றார்.

"இனி எனக்கு ஒரு வரி முன்னால போங்கோ," என்றார்.

"அங்க உங்கட நாட்டில பட்டன் அமத்துறது நான் இல்லையே?"

அவர் குளிர்ந்த தேத்தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு எழுந்து போனார்.

நான் முன்னால் போனேன். இன்றைக்கு வந்து கேட்டாலும் அதையேதான் செய்வேன். கணவருக்கு அது பிடிக்கவில்லை. "ஆரிட்டயாவது சொல்லன். மேடையில விழுந்துகிழுந்து போனால்?" என்றார். அவர் விழமாட்டார், வசனம்தான் விழுகிறது என்றேன். ஆனால் பயம் எனக்கும் இருந்தது. ஒவ்வொரு காட்சியிலும் அவர் கண் அந்த டிவியில் கூடுதலாகத் தங்கியது. ஒரு பத்திரிகை அந்தத் தூரப்பார்வையைப் புகழ்ந்து எழுதியது. நான் அதை மடித்துக் குப்பையில் போட்டேன். ஒருநாள் நடைவழியில் என்னைக் கண்டு, முன்பின் தெரியாதவர்களுக்குச் சொல்வதுபோலக் காலை வணக்கம் சொன்னார். அப்போது மாலையாகியிருந்தது.

அந்தச் சனிக்கிழமை நல்ல வெயில். வந்தவர் நடுவரிசையில் இருந்தார், வெள்ளைத் தலை, கழுத்தில் சால்வை. பிரெஞ்சுக்காரருக்குத் திரை தேவையில்லை, காதே போதும். மேடைத் திரைச்சீலை உயர்ந்ததும் நான் ஒரு வரி முன்னால் போனேன். பாடகி டிவியைப் பார்க்கவில்லை. அடுத்த வரிக்கும் பார்க்கவில்லை. தன் கணவனாக நடித்தவரின் முகத்தையே பார்த்துப் பாடினார். ஒவ்வொரு சொல்லும் தாளில் உள்ளபடி வந்தது. நான் மெல்லப் பின்வாங்கி, பழையபடி அவர் வாயைப் பார்த்து அழுத்தத் தொடங்கினேன். சாபக் கட்டம் வந்தது. உன் வம்சத்துக்கே உறக்கம் இல்லாமல் போகட்டும் என்று அவர் பாடினார். நான் ஓவென்று அழுதேன். கண்ணாடி அறை என்பதால் யாருக்கும் கேட்கவில்லை.

சனம் எழுந்து நின்று கைதட்டியது. சால்வைக்காரரும் எழுந்து நின்றார். எல்லாம் வெறும் களைப்புத்தான், நான்தான் பேயைக் கண்டவள் மாதிரி மிரண்டுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். இல்லத்துப் பெரியவரும் அவருடைய ஞாயிற்றுக்கிழமைப் பாட்டும் அந்த நேரம் என் நினைவுக்கு வரவில்லை.

சனம் கலைந்த பிறகு அவர் என் அறைக்கு வந்தார். ராணியின் உடுப்புக்கு மேலே தன் குளிர்கோட்டைப் போட்டிருந்தார். கண்ணாடி வழியே கீழே பார்த்தார். துப்புரவு செய்பவர்கள் வெறும் கதிரைகளுக்கிடையே தாள்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். நான் கட்டிப்பிடிக்கக் கையை நீட்டினேன். அவர் என் கையைப் பற்றிக்கொண்டார். அவருடைய கை ஐஸாக இருந்தது.

"இண்டைக்கு என்னைக் கேக்க ஊரில இருந்து ஆரோ வருகினமாம்," என்றார். "எனக்குப் பயமாக் கிடக்கு. எத்தினை மணிக்குத் தொடங்குது?"

நடைவழியில் ஓர் ஆண் குரல் பிரெஞ்சில் சிரித்துப் பேசிக்கொண்டு வந்தது. அவர் எங்கே என்று யாரிடமோ கேட்டது. நான் கதிரையை இழுத்துப் போட்டு அவரை இருத்தினேன்.

"இருங்கோ. இன்னும் நேரமிருக்கு."

"ஒரு வரி முன்னால போவீங்கள்தானே?"

"ஓம், போவன்."

கதவைத் தட்டினார்கள். அவர் கோட்டைச் சரிசெய்துகொண்டு எழப் பார்த்தார். அவருக்கு முன்னால் நான் எழுந்து போய்க் கதவைத் திறந்தேன்.