பால்மா டின்னில் பதினொரு கோதுகள்

சிட்னியைச் சுற்றிக்காட்டுகிறேன் என்று கிரவீன் புறநகர் வீட்டிலிருந்து கிளம்பிய நண்பர் அருள்நேசன் என்னைத் துப்பாக்கிக் கடையில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார். அவர் கணக்காளர். வேட்டைத் தோட்டாவை வீட்டிலேயே செய்துகொண்டால் மலிவு என்று யாரோ அவரிடம் சொல்லிவிட்டார்கள்.

கடைக்காரர் பொறுமைசாலி. புதிதாகத் தொடங்குபவருக்கு ஒவ்வொன்றாக அழுத்தும் சின்ன இயந்திரமும், வெடிமருந்து நிறுக்க நல்ல தராசும், ஒரு கையேடும் போதும் என்கிறார். நண்பரின் கண்ணோ மணிக்கு நூற்றுக்கணக்கில் செய்து தள்ளும் பெரிய இயந்திரத்தை விட்டு நகரவில்லை.

"போன வருடம் எத்தனை சுட்டீர்கள்?" என்று கடைக்காரர் கேட்கிறார்.

பதினொன்று. மான் எதுவும் விழவில்லை.

சுட்டு முடிந்த தோட்டாக்களின் வெற்றுக் கோதுகளைத்தான் மறுபடி நிரப்ப வேண்டும். நண்பர் பையிலிருந்து ஒரு பால்மா டின்னை எடுத்துத் திறக்கிறார். பதினொன்றும் பஞ்சின்மேல் பளபளக்கின்றன.

"ஊரில சண்டை நேரம் வீட்டு வளவுக்குள்ள ஒரு கோது கிடந்தாலே அம்மா நடுங்கிப்போய்க் கிணத்துக்குள்ள போட்டிடுவா. ஆமி செக்கிங்கில கண்டா வீட்டு ஆம்பிளையள் திரும்பி வரமாட்டினம்," என்கிறார் என்னிடம். "இங்க பயமில்லை. லைசன்ஸ் இருக்கு."

கடைக்காரர் ஒரு கோதைத் தனியே எடுத்து வைக்கிறார். கழுத்தில் வெடிப்பு, எறிந்துவிடலாம் என்கிறார்.

குப்பைத்தொட்டி நண்பரின் காலடியிலேயே இருக்கிறது. அவர் கோதை உள்ளங்கையில் மூடிக்கொண்டு, ஒருமுறை வாசலைத் திரும்பிப் பார்க்கிறார். பிறகு குரலைத் தாழ்த்தி என்னிடம் கேட்கிறார்:

"ஆரும் காணாமல் இதை எங்க எறியிறது?"