சரிவில் நின்ற விமானம்

என் வீட்டுக்காரர் கட்டிய விமானத்தில் முதன்முதலில் ஏறியவள் நான்தான். சொன்னால் யாரும் நம்புவதில்லை. நம்புகிற ஒன்றிரண்டு பேரும் "எவ்வளவு உயரம் போனீங்க?" என்று கேட்டு மானத்தை வாங்குகிறார்கள். உயரமெல்லாம் போகவில்லை. நாங்கள் குடியிருக்கும் தீவில், மரைன் ஹில் மேட்டில், எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகையிலிருந்து கீழே லாரி நிற்கும் ரோடு வரைக்கும் போனேன். அதுவும் இறக்கை இல்லாமல்.

அவர் படகு எஞ்சின் மெக்கானிக். எங்கள் இரண்டு பேர் குடும்பமும் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரையிலிருந்து வந்தவை. எங்கள் ஆட்கள் மீன் பிடிப்பார்கள், படகு கட்டுவார்கள், துபாய் போவார்கள். விமானம் கட்டுகிற கிறுக்கு இரண்டு வம்சத்திலும் கிடையாது. இது இவருக்கு எப்படி வந்தது என்று மாமியார் முதல் பங்குச் சாமியார் வரை எல்லாரும் என்னைத்தான் கேட்டார்கள், ஏதோ நான்தான் சோற்றில் கலந்து கொடுத்த மாதிரி.

வரைபடம் வாங்கி, குழாய் வெட்டி, வெல்டு வைத்து, துணி இழுத்து ஒட்டி, வருஷக்கணக்கில் அது வளர்ந்தது. நானும் பொறுத்துக்கொண்டேன். குடிக்காத மனுஷன், கொட்டகையில்தானே கிடக்கிறார் என்று ஒரு ஆறுதல். சண்டை ஆரம்பித்தது சக்கரத்தில்தான்.

தீவில் இதைப் பறக்கவிட இடமில்லை. மெயின்லேண்டில் ஒரு சின்ன ஏர்ஸ்ட்ரிப்பில் நிறுத்திக்கொள்ள இடம் கொடுத்திருந்தார்கள். கப்பலில் ஏற்றி அங்கே கொண்டுபோய், இறக்கையை மாட்டி, அதிகாரிகள் வந்து பார்த்து, அதற்கப்புறம்தான் பறப்பது. அவரும் கூடவே போய் மாசக்கணக்கில் தங்கவேண்டும். அதற்கெல்லாம் முன்னால் கொட்டகையிலிருந்து அது ரோட்டுக்கு இறங்கவேண்டும். லாரி எங்கள் சந்துக்குள் ஏறாது. சந்தோ செங்குத்து. முடிகிற இடத்தில் வளைவு. வளைவில் பக்கத்து வீட்டு பெங்காலி கடைக்காரர் (எல்லாருக்கும் அவர் 'தாதா', அதாவது அண்ணன்) புதிதாகக் கட்டிப் பிஸ்தா பச்சை அடித்த காம்பவுண்டு சுவர். விமானம் தன் சொந்தச் சக்கரத்தில் உருண்டு, சுவருக்கு முன்னால் நின்றாகவேண்டும். நிற்காவிட்டால் அவருடைய அத்தனை வருஷ உழைப்பும் பிஸ்தா பச்சையில் போய் ஒட்டிக்கொள்ளும்.

முதலில் வந்த சக்கரம் மெக்னீசியம். மெயின்லேண்டில் யாரோ பழைய விமானத்தைப் பிரித்து விற்றது. கையில் எடுத்தால் முறுக்கு டப்பா மாதிரி லேசு. ஒரு மழைக்காலம் போனது. எங்கள் உப்புக்காற்றில் அது கொப்புளம் கொப்புளமாக வெடித்து, தொட்டால் திருநீறு மாதிரி உதிர்ந்தது. அவர் அதை மடியில் வைத்துக்கொண்டு இழவு வீட்டில் இருப்பதுபோல உட்கார்ந்திருந்தார்.

அடுத்தது அலுமினியம். அது உப்புக்கு அசராது. ஆனால் நடு ஓட்டை பெரிது, அச்சு சின்னது. குழந்தை கையில் என் வளையலைப் போட்ட மாதிரி லொடலொடவென்று ஆடியது.

"உள்ள ஒரு புஷ் வளையம் வச்சு அடைச்சிருங்களேன்" என்றேன்.

"ஏட்டி, இது என்ன தையல் மிஷினா? எறங்கும்போது இதுதான மொத்த வெயிட்டயும் தாங்கணும்" என்றார்.

இந்த ஊரில் வேறு ஒரு வழக்கம். மெயின்லேண்டுக்கு யார் போனாலும் சும்மா திரும்பக் கூடாது. பத்து வீட்டுச் சாமான் அவர்கள் பெட்டியில் வரும். அதனால் எங்கள் பிரேக் துண்டு துண்டாக, ஆள் ஆளாக வந்து சேர்ந்தது. டிஸ்க்கைக் கல்யாணத்துக்குப் போனவர் கொண்டுவந்தார். அதன் துளைகளும் சக்கரத்தின் துளைகளும் ஒன்றையொன்று பார்க்கவே இல்லை. தியானத்துக்குச் சென்னை போன கான்வென்ட் சிஸ்டர், டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற காலிப்பரைத் தன் கைப்பையில் ஜெபமாலையோடு வைத்துக் கொண்டுவந்தார். ஏர்போர்ட் சோதனையில் அது என்னவென்று கேட்டதற்கு, "பறக்குறத நிப்பாட்டுறது" என்று அந்தப் புண்ணியவதி சொல்ல, அவரைத் தனியாக உட்கார வைத்துவிட்டார்கள்.

காலிப்பர் நல்ல காலிப்பர். ஆனால் மிதித்தால் எண்ணெயைத் தள்ளுகிற சிலிண்டர் அதற்குச் சின்னதாகப் போய்விட்டது. மிதி தரையைத் தொட்டாலும் காலிப்பர் அசைவேனா என்றது. பெரிய சிலிண்டர் சொல்லி அனுப்பினோம். அது வந்தது. எண்ணெய் வரவில்லை. அதற்கென்று ஒரு சிவப்பு எண்ணெய் உண்டாம். விமானப் பயணி பெட்டியில் அதை விடமாட்டார்கள், கப்பலில்தான் வரவேண்டும். கப்பலோ புயல் எச்சரிக்கையில் நின்றுவிட்டது.

"தாதா கடையில பைக் பிரேக் ஆயில் இருக்கே, ஊத்துங்க" என்று நான் வாயை விட்டேன். பிரேக் ஆயில் பிரேக் ஆயில்தானே? அன்றைக்கு அவரிடம் கேட்ட பிரசங்கத்தை ஞாயிறு பூசையில்கூட நான் கேட்டதில்லை. உள்ளே இருக்கிற ரப்பர் வளையம் சிவப்பு எண்ணெய்க்கென்று செய்தது. பைக் எண்ணெய் பட்டால் அது ஊறவைத்த கொண்டைக்கடலையாக உப்பிவிடும். அப்புறம் பிரேக் பிடித்தால் பிடித்த பிடியில் நிற்கும், இல்லையென்றால் பிடிக்கவே செய்யாது. அச்சுக்குச் சக்கரம், சக்கரத்துக்கு டிஸ்க், டிஸ்க்குக்குக் காலிப்பர், காலிப்பருக்குச் சிலிண்டர், எல்லாவற்றுக்கும் எண்ணெய் என்று விரல் விட்டுச் சொன்னார். எனக்கு எரிச்சலாக வந்தது. நாங்கள் வேதக்காரர்கள். எங்கள் கல்யாணத்துக்கு ஒரு பொருத்தமும் பார்க்கவில்லை. என் அப்பா, "பையன் குடிப்பானா?" என்று கேட்டதோடு சரி. இந்த மனுஷன் சக்கரத்துக்கு மட்டும் பத்துப் பொருத்தம் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

மாற்றி மாற்றி வரவழைத்ததில் கடைசியில் எல்லாம் பொருந்தியது. கப்பலில் எண்ணெயும் வந்தது. எதையும் இரண்டாக வாங்குவது தீவுக்காரர் புத்தி என்பதால், டிஸ்க்கை அழுத்துகிற பிரேக் பேடுகூட இன்னொரு ஜோடி டப்பாவில் இருந்தது. கொட்டகைக்குள் அவர் மிதித்துப் பிடிக்க, பக்கத்துத் தீவான ஹேவ்லாக்கில் சுற்றுலாப் படகு ஓட்டும் என் தம்பி பின்னாலிருந்து மூச்சைப் பிடித்துத் தள்ள, விமானம் இம்மியும் நகரவில்லை. "பக்கா!" என்றான் தம்பி. அவர் சிரித்த சிரிப்பை எங்கள் கல்யாண போட்டோவில்கூட நான் பார்த்ததில்லை.

மறுநாள் காலை இறக்கினோம். அவர் வாலைப் பிடித்துத் திருப்பவேண்டும், பிரேக்கை உள்ளே உட்கார்ந்துதான் மிதிக்கமுடியும், தம்பி கனம். ஆகவே நான். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினேன். ஏறுவதற்கு முன்னால் ஒரு நிபந்தனை போட்டேன். படகைக் கரைக்கு இழுக்கிற கயிறு ஒன்றைச் சக்கரக் காலில் கட்டி, கொட்டகை வாசல் பலாமரத்தில் ஒரு சுற்றுச் சுற்றித் தம்பி பிடித்துக்கொள்ளவேண்டும்.

"விமானத்துக்குக் கயிறா? ஊரு சிரிக்கும்ட்டி."

"சிரிக்கட்டும். நீங்க பின்னால நிக்கீங்க, நான்லா முன்னால போறேன்."

கயிறு கட்டினார்கள். அவருடைய மானத்துக்காகத் தொய்வாக விட்டார்கள்.

சக்கரத்துக்கு அடை கொடுத்திருந்த கட்டையை எடுத்ததும் விமானம் மெதுவாக உருண்டது. "மிதி" என்றார். மிதித்தேன். மிதி கெட்டியாகத்தான் இருந்தது. விமானம் போய்க்கொண்டே இருந்தது. இரண்டு காலையும் வைத்து ஏறி மிதித்தேன். அது இன்னும் வேகமாகப் போனது.

"மிதிட்டி! மிதி!"

"மிதிச்சிட்டுத்தான் இருக்கேன்! மாதாவே!"

அவர் வாலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு செருப்பு தேயத் தேய வந்தார். கீழே தாதா பல் விளக்கிக்கொண்டிருந்த பிரஷோடு ஓடிவந்து, தன் சுவருக்கு முன்னால் கையை விரித்து நின்று, "ரோகோ! பாபி, ரோகோ!" என்று, நிறுத்துங்க அண்ணி என்று, இந்தியில் கத்தினார். நான் என்ன வேண்டுமென்றா அவர் வீட்டுக்கு வருகிறேன்? எனக்குத் தெரிந்த புனிதர்கள் எல்லாரையும் கூப்பிட்டு முடித்து, தெரியாதவர்களைக் கூப்பிட ஆரம்பித்தபோது தொய்வு தீர்ந்து கயிறு விறைத்தது. பலாமரம் ஒரு குலுங்கு குலுங்கியது. தாதாவின் பனியனுக்கும் விமானத்தின் மூக்குக்கும் நடுவில் ஒரு ஆள் நுழையலாம், அவ்வளவுதான் இடம்.

சக்கரங்களுக்குக் கட்டை வைத்ததும் அவர் அங்கேயே குந்தினார். அச்சா, சிலிண்டரா, எண்ணெயா என்று முனகினார். பிறகு டிஸ்க்கை விரலால் தொட்டார். விரலை முகர்ந்தார்.

எனக்குப் புரிந்துவிட்டது. படகு மெக்கானிக் வீட்டில் சாயங்காலமானால் ஒரு வேலை உண்டு. உப்பு தின்றுவிடாமல் இருக்க, கண்ணில் படுகிற இரும்புக்கெல்லாம் கிரீஸ் தடவவேண்டும். கதவுக் கீல், சைக்கிள், என் கத்தரிக்கோல், எதுவும் தப்பாது. எங்கள் வீட்டில் கிரீஸ் படாதது நானும் சோற்றுப்பானையும்தான். முந்தின நாள் பிரேக் பிடித்த சந்தோஷத்தில், பளபளவென்று மின்னிய புது டிஸ்க்குகளைப் பார்த்து மனசு கேட்காமல், கடல்காற்று அடிக்கிறதே என்று, இரண்டுக்கும் பாசமாக அவரே தடவிவிட்டிருக்கிறார்.

"எல்லாத்துக்கும் பொருத்தம் பாத்தீங்க, ஒங்க கைக்கும் பிரேக்குக்கும் பாத்தீங்களா?" என்று கேட்டேன். தம்பி சிரித்துச் சிரித்துக் கயிற்றின் மேலேயே உட்கார்ந்துவிட்டான். சாயங்காலத்துக்குள் துறைமுகத்தில் ஏற்றாவிட்டால் கப்பல் போய்விடும். அவருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

எல்லாருமாகச் சேர்ந்து மறுபடியும் மேலே தள்ளினோம். தாதாவும் பிரஷைச் சுவரில் வைத்துவிட்டுத் தள்ளினார். டிஸ்க்கைப் பெட்ரோலில் கழுவி, கிரீஸ் குடித்த பேடுகளைக் கழற்றிப் போட்டு, டப்பாவிலிருந்த ஜோடியை மாட்டி முடிக்க வெயில் உச்சிக்கு வந்துவிட்டது.

"நீ வேண்டாம். மாப்ள உக்காரட்டும்" என்று தம்பியைக் காட்டினார். என் முகத்தைப் பார்க்கவில்லை. பயந்துபோயிருந்தார், விமானத்துக்காக அல்ல. எனக்கு அது பிடித்திருந்தது. குனிந்து இரண்டு டிஸ்க்கையும் என் விரலால் சுற்றித் தடவிப் பார்த்தேன். காய்ந்திருந்தது. ஏறி உட்கார்ந்தேன்.

இந்தத் தடவை மிதித்தால் நின்றது. விட்டால் நகர்ந்தது. மிதித்தால் மறுபடியும் நின்றது. கயிறு தொய்ந்தபடியே பின்னால் வந்தது. தாதாவின் சுவரைத் தாண்டி வளைந்து, விமானம் லாரியின் பின்பக்கம் போய் நின்றது. எல்லாரும் கை தட்டினார்கள். அவர் வாலை விட்டுவிட்டு என் பக்கம் ஓடிவந்தார்.

லாரியில் அவருடைய பெட்டியும் ஏறியிருந்தது. நான்தான் அடுக்கினேன், மேலே ஊறுகாய் பாட்டிலும் வைத்தேன். எத்தனையோ தடவை, இந்தச் சனியன் எப்போது ஒழியுமென்று கத்தியிருக்கிறேன். அது இவரையும் கூட்டிக்கொண்டு ஒழியப்போகிறது என்பது அந்த நிமிஷம்தான் நெஞ்சில் ஏறியது.

"போதும்ட்டி, கால எடு. லாரிக்காரன் ஜல்தி ஜல்திங்கான்" என்றார்.

"இருங்க. பிடிக்குதான்னு பாத்துட்டு இருக்கேன்."

"அதான் பிடிச்சிருச்சே."

நான் காலை எடுக்கவில்லை. அவர் லாரிக்காரனிடம் போய், பத்து நிமிஷம் ஆகும் என்று சொல்லிவிட்டு வந்து, எனக்குப் பக்கத்துச் சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.