பச்சை நாடா கட்டிய நாற்காலிகள்

அவரை எல்லோரும் 'பிரேக்கு' என்றுதான் கூப்பிட்டார்கள். சின்னவர்களுக்கு பிரேக்கு அண்ணன். எந்த வண்டியைக் கண்டாலும் முதலில் பிரேக்கை அழுத்திப் பார்க்கிற கை அது. "என்னைப் பாக்க வந்த அன்னிக்கே வாசல்ல நின்ன சைக்கிளத்தான் முதல்ல பாத்தாரு. அதுல பழுது இருந்துச்சு, என்கிட்ட இல்ல, அதான் கட்டிக்கிட்டாரு" என்று அவர் மனைவி இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள்.

சைக்கிள் கடையில் கை கறுத்துக் கிடந்தவரைச் சங்கத்துக்கு இழுத்து வந்தவர் அவர் மச்சான், அதாவது மனைவியின் அண்ணன். மச்சானின் அம்மா கடைசிக் காலத்தில் நடக்க முடியாமல் போனபோது ஒரு சக்கர நாற்காலி வாங்கினார்கள். அம்மா போன பிறகு அந்த நாற்காலி வீட்டில் சும்மா நின்றது. பக்கத்துத் தெருவில் கால் முறிந்த ஒருவர் இரவல் கேட்டார். அவர் திருப்பித் தந்ததும் இன்னொருவர் கேட்டார். அங்கிருந்து தொடங்கியதுதான் சங்கம். நாற்காலி, மடக்குக் கட்டில், ஊன்றி நடக்கும் சட்டகம் எல்லாமே இலவசம். தேவை முடிந்ததும் திருப்பித் தந்தால் போதும். ஊரே மனமுவந்து கொடுத்தது. மச்சான் செயலாளர் ஆனார். "நீ வந்தாத்தான் இது ஓடும் மாப்ளே" என்று அவர் கையைப் பிடித்ததும், பிரேக்கு பாதிச் சம்பளத்துக்கு வந்து சேர்ந்தார். அந்தக் கையை அவர் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை.

சங்கத்தின் கொட்டகை பழைய கிடங்கு ஒன்றின் பின்பக்கம் இருந்தது. தகரக் கூரை, எண்ணெய்க் கறை படிந்த தரை, சுவரில் தொங்கும் டியூப்புகள், பின்வாசலில் சரக்கு இறக்கக் கட்டிய ஒரு சாய்தளம். பழுது பார்த்த ஒவ்வொரு நாற்காலியிலும் பிரேக்கு தானே உட்கார்ந்து அந்தச் சாய்தளத்தில் உருண்டு வருவார். பாதி வழியில் பிரேக்கைப் போடுவார். அசையாமல் நின்றால் வலது கைப்பிடியில் பச்சைத் துணி நாடா ஒன்றை இறுக்கி முடிவார். வழுக்கினால் சிவப்பு நாடா. சிவப்பு என்றால் இன்னும் வேலை இருக்கிறது, ஆனால் வீட்டுக்குள் மெல்லத் தள்ள அவசரத்துக்கு ஆகும். பச்சை கட்டிய நாற்காலி காத்திருப்பவர்களில் முதல் ஆளுக்குப் போகும். இது அவரே ஏற்படுத்திய வழக்கம். யாரும் எழுதி வைக்கவில்லை.

நடுவில் மச்சான் ஒரு யோசனை சொன்னார். ஓட்டல்காரர்களும் பொருட்காட்சி நடத்துகிறவர்களும் நாற்காலி வாடகைக்குக் கேட்கிறார்கள், மிச்சமிருப்பதைக் கொடுத்தால் வருகிற பணத்தில் டயர் வாங்கலாம் என்றார். பிரேக்குவுக்கு இதில் தப்பு தெரியவில்லை. முதல் வாடகையில் நல்ல டியூப்புகள் வந்திறங்கியபோது அவரே முத்தம் கொடுக்காத குறையாக வாங்கி வைத்தார்.

அப்புறம்தான் சட்டம் வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பியது. தொண்டு அமைப்புகள் சம்பாதிப்பதை அரசாங்கம் கட்டுப்படுத்தப் போகிறதாம். மச்சான் கொட்டகைக்கு வந்து கவிழ்த்து வைத்த பெட்டியில் உட்கார்ந்தார்.

"மாப்ளே, நம்ம கதவ மூடப் போறாங்க. வாடகைக்கு விடவே கூடாதாம். அப்புறம் டயருக்கு நான் எங்க போவேன்?"

"நல்லது செய்றவங்க மேல எதுக்கு மச்சான் கை வைக்கிறாங்க?"

"சட்டம்னா பிரேக்கு மாதிரி. மேடு ஏறும்போது எவனாவது பிரேக் போடுவானா? நீ வீடு வீடாப் போயிக் கையெழுத்து வாங்கு. நான் கேட்டா அரசியல்ம்பாங்க. நீ கேட்டா வாய் திறக்காமப் போடுவாங்க."

அது உண்மைதான். பிரேக்கு முதல் கையெழுத்தைத் தானே போட்டுவிட்டு, நாற்காலி கொடுத்த வீட்டுக்கும் அதற்குக் காத்திருக்கும் வீட்டுக்கும் படியேறினார். எல்லோரும் போட்டார்கள். மூன்றாவது மாடியில் ஓய்வுபெற்ற வாத்தியாரம்மா ஒருவர் இருந்தார். கணவருக்குப் பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்துவிட்டது. சங்கத்தில் பெயர் கொடுத்து மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். பெரியவரை ஜன்னலோரம் பிளாஸ்டிக் நாற்காலியில், சரிந்து விழாமலிருக்கப் படுக்கை விரிப்பால் மார்போடு கட்டி உட்கார வைத்திருந்தார்கள்.

"என்ன எழுதியிருக்குன்னு படிக்கட்டுமா, வேண்டாமா?" என்றார் வாத்தியாரம்மா, கண்ணாடியைத் தேடிக்கொண்டே.

"நம்ம கொட்டகைய மூடக் கூடாதுன்னு எழுதியிருக்கும்மா."

"நீ சொன்னாச் சரியாத்தான் இருக்கும். எங்க போடணும்?" கண்ணாடி இல்லாமலே போட்டார். "நாற்காலி எப்பப்பா? இவர் தெருவப் பாத்தே எத்தனை நாளாச்சு."

"அடுத்த பச்சை உங்களுக்குத்தான்மா. என் கையால கொண்டு வரேன்."

அந்த வாரமே அகலமான ஒரு நாற்காலியைத் தேற்றினார். பெரியவரின் சரிந்த பக்கத்துக்குத் தனியாக ஒரு பஞ்சுத் திண்டு தைத்துப் பொருத்தினார். சாய்தளத்தில் கல்லாக நின்றது. பச்சை நாடாவைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போனார். காலையில் வந்தால் அந்த இடம் காலியாக இருந்தது.

"ரொம்ப அவசரக் கேஸ் மாப்ளே, உசுருப் பிரச்சினை" என்றார் மச்சான் தொலைபேசியில். சரி, உயிர்தானே பெரிது என்று பிரேக்கு அடுத்ததைக் கையில் எடுத்தார். அதுவும் போனது. அதற்கடுத்ததும் போனது.

ஒருநாள் பொருட்காட்சி வளாகத்திலிருந்து அழைப்பு வந்தது. வாடகை நாற்காலி ஒன்றில் சக்கரம் இறுகிவிட்டதாம். கருவிப் பையோடு போனார். வாசலில் வெள்ளை வேன் ஒன்று நின்றது. அதன் பக்கவாட்டில் சங்கத்தின் பெயர் இல்லை, ஏதோ ஒரு கம்பெனியின் பெயர் பளபளத்தது. பக்கத்தில் வரிசையாக நாற்காலிகள். ஒவ்வொன்றின் வலது கைப்பிடியிலும் நாடாவை வெட்டிய பிறகு மிஞ்சிய ஒரு பச்சை முடிச்சு. அவர் முடிச்சை யாராலும் அவிழ்க்க முடியாது, வெட்டத்தான் முடியும். வரிசையின் ஓரத்தில் பஞ்சுத் திண்டு வைத்த அகல நாற்காலி நின்றது. அதில் ஓர் ஆள் காலை ஆட்டிக்கொண்டு கைபேசியில் படம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இது யாரு வண்டிப்பா?" என்று வேன் ஓட்டுநரிடம் கேட்டார்.

"நம்ம முதலாளியோடது. உங்க செயலாளரோட மருமகன் இல்ல, அவருதான். என்னண்ணே, தெரியாத மாதிரி கேக்கறீங்க?"

"கொட்டகையிலருந்து எடுக்கறது நீதானா?"

"ஆமாண்ணே. எனக்கு ஒரே ஆர்டர்தான். பச்சை கட்டுனத மட்டும் ஏத்து, சிவப்ப விட்டுடு, அது தர்மத்துக்கு." ஓட்டுநர் சிரித்தான். "உங்க புண்ணியத்துல எனக்குத் தேடுற வேலையே இல்லண்ணே. எவன் கட்டுனானோ, நல்லா வெளிச்சமாக் கட்டியிருக்கான்."

பிரேக்கு கருவிப் பையைத் திறந்தார். இறுகிய சக்கரத்தைச் சரி செய்தார். எதற்குச் செய்தோம் என்று பிறகு அவருக்கே விளங்கவில்லை.

மச்சான் வீட்டுக்கு நேரே போனார். மச்சான் தோட்டத்துக் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"அவசரக் கேஸ் பொருட்காட்சியில காலாட்டிக்கிட்டு இருக்கு மச்சான்."

மச்சான் குழாயைக் கீழே போட்டார். "உள்ள வா. தெருவுல நின்னு கத்தாத."

"நான் கத்தலியே. கேக்கறேன். வாடகை யாருக்குப் போவுது?"

"சங்கத்துக்கும் ஒரு பங்கு வருது. மருமகன் வேன் போட்டிருக்கான், ஆள் போட்டிருக்கான். அவன் வயித்துல அடிக்கச் சொல்றியா? சட்டத்துல ஒரு வரி காட்டு, நான் செஞ்சது தப்புன்னு."

"மூணாவது மாடியில நாற்காலியோட கட்டிப்போட்டிருக்கற பெரியவரக் காட்டவா?"

"மாப்ளே, பாதிச் சம்பளத்துல இருந்துக்கிட்டுப் பெரிய பேச்செல்லாம் வேணாம். என் தங்கச்சி முகத்துக்காகப் பொறுத்துக்கறேன்."

வீட்டில் அந்தத் தங்கச்சி காய்கறி நறுக்கிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு சொன்னாள்: "அம்மா நாற்காலியயும் வாடகைக்கு விட்டிருக்கானான்னு கேக்காம வந்துட்டீங்களே." கேட்காமல் வந்தது நல்லது என்று அவருக்குத் தோன்றியது.

மக்கள் கருத்துக் கேட்கும் கூட்டம் நகர மண்டபத்தில் நடந்தது. அங்கே பேசச் சொல்லி மச்சான் முன்பே எழுதிக் கொடுத்திருந்த நான்கு வரிகளை பிரேக்கு வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தார். மேடையில் மசோதாவை விளக்க ஒரு பெண் அதிகாரி உட்கார்ந்திருந்தார். மச்சான் முதல் வரிசையில் இருந்து கையசைத்தார். தன் முறை வந்ததும் பிரேக்கு எழுந்து தன் பெயரையும் சங்கத்தையும் சொன்னார்.

"சம்பாதிக்கறது தப்புன்னு சொல்ல வரலீங்க. வாடகைக் காசுல வாங்குன டியூப்ப நான்தான் மாட்டுனேன். ஆனா நல்லது எல்லாம் காசு கொடுக்கறவனுக்கு, மிச்சம் மட்டும் காசு இல்லாதவனுக்குன்னு ஆயிடுச்சு. காசும் குடும்பத்துக்குள்ளயே சுத்துது. அதுக்கு ஏதாவது எழுதுங்க."

அதிகாரி தாளைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. "எழுதியிருக்கோம் ஐயா. தொண்டு அமைப்பு வாடகைக்கு விடலாம், விற்கலாம், யாரும் தடுக்கல. லாபம் அந்தத் தொண்டுக்கே திரும்பணும். நிர்வாகிகளோட சொந்தக்காரங்களுக்கு ஒப்பந்தம் கொடுத்தா உறுப்பினர் கூட்டத்துல சொல்லி அனுமதி வாங்கணும். இலவசமாக் காத்திருக்கறவங்களுக்கு உரியத எடுத்து வாடகைக்கு விடக் கூடாது. எல்லாம் ஒரே பிரிவுல இருக்கு."

"அப்ப எங்க கொட்டகைய மூட மாட்டீங்களா?"

"யார் சொன்னா மூடுவோம்னு?" அதிகாரி அவரை உற்றுப் பார்த்தார். "அந்த ஒரு பிரிவை மட்டும் நீக்கணும்னு உங்க சங்கந்தான் மனு கொடுத்திருக்கு. கட்டுக்கட்டாக் கையெழுத்து. முதல் கையெழுத்து உங்களுது."

மண்டபத்தில் யாரோ சிரித்தார்கள். பிரேக்கு முதல் வரிசையைப் பார்த்தார். மச்சான் குனிந்து செருப்பு வாரைச் சரி செய்துகொண்டிருந்தார்.

"அதெல்லாம் திருப்பித் தாங்கம்மா. நான் வாங்கினதுதான்."

"உங்களுத நீங்க வாபஸ் வாங்கலாம். மத்தவங்களுத அவங்கவங்கதான் வாங்கணும். இந்த மாசக் கடைசி வரைக்கும் நேரம் இருக்கு."

மறுநாள் கொட்டகைப் பூட்டு மாறியிருந்தது. கருவிப் பை வெளியே வைக்கப்பட்டிருந்தது. பிரேக்கு பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தார். கையெழுத்துகளை வாபஸ் வாங்கச் சொல்ல எந்த வீட்டிலிருந்து தொடங்குவது என்று அவர் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

மூன்றாவது மாடியில் வாத்தியாரம்மா கதவைத் திறந்ததும் அவருக்குப் பின்னால் படிக்கட்டைத்தான் எட்டிப் பார்த்தார். "நாற்காலி கீழ இருக்கா?"

"இல்லம்மா."

நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். எதையும் விடவில்லை. பச்சை நாடாவைத் தானே கட்டியதையும் சொன்னார். உள்ளே பெரியவர் விரிப்புக் கட்டோடு ஜன்னல் பக்கம் சாய்ந்திருந்தார்.

"அன்னிக்கு ஒண்ணு சொன்னே, போட்டேன்" என்றார் வாத்தியாரம்மா. "இன்னிக்கு நேர்மாறாச் சொல்றே. எதுப்பா நிஜம்? உன் மச்சான் நாளைக்கு வந்து மூணாவதா ஒண்ணு சொல்லுவாரா?"

பிரேக்கு மனுவின் நகலையும் மசோதாவின் அந்தப் பக்கத்தையும் மண்டபத்தில் கேட்டு வாங்கி வந்திருந்தார். இரண்டையும் நீட்டினார்.

"என்னைக் கேக்காதீங்கம்மா. நீங்களே படிங்க."

வாத்தியாரம்மா அவர் கையிலிருந்து வாங்கினார். உட்காரச் சொல்லவில்லை. கண்ணாடி எடுக்க உள்ளே போனார். கதவைச் சாத்திக்கொள்ளவும் இல்லை. பிரேக்கு வாசலிலேயே நின்றார்.