சப்பாத்தி மாவும் குண்டுவீச்சு விமானமும்

என் மாமனார் ஏழு வருஷம் என்னிடம் பேசவில்லை. ஒரே வீடு, ஒரே ஹால், ஒரே மின்விசிறி. ஆனால் எனக்குச் சொல்ல வேண்டியதெல்லாம் என் கணவர் வழியாகத்தான் வரும். "டேய், அந்தம்மாகிட்ட சொல்லு, ரசத்துல உப்பு தூக்கலா கீது" என்பார். அந்தம்மா அதே சாப்பாட்டு மேஜையில், கை எட்டும் தூரத்தில்தான் உட்கார்ந்திருப்பாள்.

காரணம் எங்கள் கல்யாணம். இரண்டு வீட்டாரும் கிறிஸ்தவர்கள்தான். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இதில் என்ன சண்டை என்றே புரியாது. அவர்கள் கத்தோலிக்கர்கள், நாங்கள் புராட்டஸ்டண்ட். கல்யாணம் எங்கள் சர்ச்சில் நடந்தது. மாமா பட்டு வேட்டி கட்டிக்கொண்டு வந்தார், வாசலோடு நின்றுவிட்டார். பிரியாணிக்கு மட்டும் உள்ளே வந்தார். அன்றைக்கு மூடிய வாய், என் விஷயத்தில் திறக்கவே இல்லை. மாமியார் இருந்திருந்தால் சரிக்கட்டியிருப்பாராம். அவர் எங்கள் கல்யாணத்துக்கு முன்பே காலமாகிவிட்டார்.

போன வருஷம் எனக்குப் பொறுமை போய்விட்டது. கூடுவாஞ்சேரியில் ஒரு ஃபிளாட் பார்த்தோம். தாம்பரத்தை விட்டுத் தனியாகப் போய்விடலாம் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். கணவருக்கு மனசே இல்லை. கடைசியில் ஒரு ஒப்பந்தம் போட்டோம். மாமாவின் எண்பதாவது பிறந்தநாளுக்கு நான்கு மாதத்துக்கு மேல் இருந்தது; அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதற்குள் அவர் என்னிடம் ஒரு வார்த்தை நேராகப் பேசினால் இருப்பது, இல்லையென்றால் அன்று சாயங்காலமே ஃபிளாட்காரருக்குச் சரி என்று போன் பண்ணுவது.

பேச வைக்க என்னிடம் ஒரு வழி இருந்தது. எனக்குச் சின்ன வயதிலிருந்தே, துண்டு துண்டாக வரும் பிளாஸ்டிக்கை ஒட்டிக் குட்டி விமானம், கப்பல் செய்யும் பைத்தியம் உண்டு. பெண்பிள்ளைக்கு இது எதற்கு என்று கேட்டவர்களையெல்லாம் கடந்து வந்தவள் நான். மாமா இளவயதில் விமானப்படையில் மெக்கானிக்காக இருந்தவர். இரண்டாம் உலகப்போர்க் காலத்து லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்கள் கிழடு தட்டி நம்மிடம் இருந்தபோது, அதில் ஒன்றுக்கு எண்ணெய் போட்டு வளர்த்தவர். அந்த விமானத்தின் இறக்கைக்குக் கீழே ஒல்லியாக நின்று எடுத்த போட்டோ ஹாலில் மாட்டியிருக்கிறது. என்னைப் பார்க்காத கண்கள் அதைத் தினமும் பார்க்கும்.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில், பழைய மிக்ஸிகளுக்கும் ஒற்றைச் செருப்புகளுக்கும் நடுவில் அது எனக்குக் கிடைத்தது. லிபரேட்டர் கிட். ஒரு முழ நீளம்கூட வராது. பெட்டி கிழிந்திருந்தது, செய்முறைத் தாள் இல்லை. பரவாயில்லை, எத்தனை ஒட்டியிருக்கிறேன், இது என்ன பிரமாதம் என்று தூக்கிக்கொண்டு வந்தேன். எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் உண்டு.

பெட்டியில் இருந்தபடி ஒட்டினால் அது யாரோ வெள்ளைக்காரருடைய விமானம். எனக்கு வேண்டியது மாமாவின் விமானம். பச்சைக்குப் பதில் வெள்ளி நிறம், நட்சத்திரத்துக்குப் பதில் நம்முடைய மூவண்ண வட்டம், வாலில் போட்டோவில் இருக்கும் அதே எண். போட்டோவில் ஓர் எஞ்சின் மூடியில் நசுங்கல் ஒன்று தெரியும்; கொதிக்கும் தண்ணீரில் கரண்டிக்காம்பைச் சுடவைத்து அழுத்தி அதையும் கொண்டுவந்தேன். ஐப்பசி மழையில் பெயின்ட் மூன்று நாளானாலும் காயவில்லை. ஹேர் டிரையரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் தலைக்குக்கூட அவ்வளவு நேரம் பிடித்ததில்லை.

வட்டங்களுக்காகத் தாம்பரம் மார்க்கெட் பக்கத்தில் ஷேர் ஆட்டோவுக்கு ஸ்டிக்கர் ஒட்டும் கடைக்குப் போனேன்.

"இன்னாக்கா, சட்டைப் பட்டன் சைசுல கேக்குற?" என்றார் கடைக்காரர்.

"விமானத்துக்குங்க."

"ஃபிளைட்டுக்கா? அப்ப பின்னாடி 'ஒலி எழுப்பவும்'னு ஒண்ணு போட்டுத் தரவா?"

சிரித்துவிட்டு வேண்டாம் என்றேன். ஆனால் மனிதர் வேலையில் சுத்தம். ஆறு வட்டங்களும் அச்சு அசலாக வந்தன.

வேலையெல்லாம் ஹாலில், சாப்பாட்டு மேஜையின் ஓரத்தில்தான். மாமா பார்க்க வேண்டுமே! அவரோ பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொள்வார். நானும் விடவில்லை; சுரண்டுகிற வேலையைக் கொஞ்சம் சத்தமாகவே சுரண்டுவேன்.

விமான உடம்பின் இரண்டு பாதிகளையும் ஒட்டாமல் திறந்து வைத்திருந்த வாரத்தில்தான் வம்பு தொடங்கியது. ஆபீஸிலிருந்து வந்து பார்த்தால், இடது பாதியின் முன்பக்கத்தில், விமானி உட்காரும் இடத்துக்குப் பின்னால் ஒரு உருண்டை. தொட்டால் சப்பாத்தி மாவு. அதற்குள் துருப்பிடித்த ஒரு நட்டு! பிடுங்கி ஜன்னலில் வைத்தேன். மறுநாள் அதே இடத்தில் மாவு, இரண்டு நட்டு. கூடவே எறும்பு. நான்கு எஞ்சினுக்கும் வரிசையாக எறும்பு ஊர்ந்துகொண்டிருந்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கணவரிடம் பாய்ந்தேன். "உங்க அப்பா வேணும்னே என் பிளேனைக் கெடுக்கிறாரு."

"நீயே கேளேன்."

"பேசாத மனுஷன்கிட்ட போய் நான் என்ன கேக்கிறது?"

நட்டுகளைக் கொண்டுபோய் மாமாவின் பேப்பர் மேல் டங்கென்று வைத்தேன். அவர் நட்டைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் நான்கு நட்டு வந்தது. இந்த முறை மாவும் நன்றாகப் பிசைந்த மாவு. அவற்றைக் கழுவி, எவர்சில்வர் தட்டில் அடுக்கி, சாயங்கால டீயோடு வடை மாதிரி பரிமாறினேன். டீயைக் குடித்தார். தட்டைத் தொடவில்லை. அன்றைக்கே இரண்டு பாதிகளையும் பசை போட்டு ஒட்டிவிட்டேன். இனி எந்த நட்டு நுழைகிறது பார்க்கலாம் என்று ஒரு அற்ப சந்தோஷம்.

ஞாயிறு வந்தது. அவர் பூசைக்குப் போய் வந்தார், நான் ஆராதனைக்குப் போய் வந்தேன், என் கணவர் வழக்கம்போல இரண்டுக்கும் போய்க் களைத்து வந்தார். கேக் வெட்டியாயிற்று. முந்தின நாள்தான் சக்கரங்களை ஒட்டிக் காயவைத்திருந்தேன், அட்டையில் தாங்கலாக. மேஜை நடுவில் விமானத்தைச் சக்கரத்தில் நிறுத்தினேன். வெள்ளி பளபளத்தது. வாலில் அவருடைய எண். மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். அந்த எஞ்சின் நசுங்கலை அவர் கண்டுபிடித்த கணத்தை நான் பார்த்தேன். உதடு லேசாக அசைந்தது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக் கையை எடுத்தேன்.

விமானம் மெதுவாக மூக்கைத் தூக்கியது. வால் மேஜையில் டொக்கென்று உட்கார்ந்தது. பிஸ்கெட் கேட்கும் நாய் மாதிரி முன்சக்கரத்தை மேலே வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தது. நான் அழுத்தி நிறுத்தினேன். மறுபடி உட்கார்ந்தது. கணவர் சிரிப்பை அடக்க கேக்கை வாயில் திணித்துக்கொண்டார். எனக்கு அழுகை முட்டியது. நான்கு மாத வேலை, எண்பது வயது மனிதர், சாயங்காலம் பண்ண வேண்டிய போன் எல்லாம் ஒன்றாகக் கண்முன் வந்து நின்றன.

அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது.

"மூக்குல வெயிட்டு போடணும்மா. இல்லன்னா இது குந்திக்கும். நெசப் பிளேனே அப்டித்தான், பின்னாடி நாலு பேர் ஏறுனா மூக்கைத் தூக்கிடும். மூணு வாட்டி வெச்சேன். மூணு வாட்டியும் எடுத்துக் கடாசிட்ட. கடைசில டீக்குத் தொட்டுக்கக் குடுத்த!"

சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். பல்செட் போடாத சிரிப்பு. ஏழு வருஷத்தில் நான் பார்த்திராதது. அவர் விமானத்தைக் கெடுக்கவில்லை, என்னிடம் பேசிக்கொண்டிருந்திருக்கிறார். நாளுக்கு நாள் நட்டைக் கூட்டி, மாவு பிசைந்து, அவருக்குத் தெரிந்த மாதிரி. நான்தான் அதையெல்லாம் கழுவித் தட்டில் வைத்தேன்.

"அடியில சின்னதா வெட்டி உள்ள போட்டுறலாம். திரும்ப பெயின்ட் அடிச்சா தெரியாது" என்றார் மாமா, என் முகத்தைப் பார்த்து.

நான் சட்டென்று கணவர் பக்கம் திரும்பி, "நாளைக்கு வெட்டிடறேன்னு அவர்கிட்ட சொல்லுங்க" என்றேன்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. மாமா என்னிடம் பேசவில்லை என்று ஆபீஸ், சர்ச், அம்மா வீடு, மின்சார ரயிலில் எதிர் சீட்டுக்காரி வரை சொல்லி அழுதிருக்கிறேன். நீ அவரிடம் பேசினாயா என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் மாட்டிக்கொண்டிருப்பேன்.

கணவர் வாயில் கேக்கோடு அசையாமல் நின்றார். மாமா காத்திருந்தார். சின்ன ரம்பத்தை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தேன்.

"எந்த இடத்துல வெட்டணும் மாமா?" என்று கேட்டேன்.